பழைய எஸ்யூவியில் திரும்பத் திரும்ப வரும் பிரேக் கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி. வாங்கிய சில மாதங்களிலேயே இரண்டு மூன்று முறை பிரேக் பெடல் சட்டென்று கீழே போயிருக்கிறது. இடையிடையே ஏபிஎஸ் விளக்கும் 'பிரேக் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்' என்ற செய்தியும் வந்து தானாகவே மறைகின்றன. நடுத்திரை சில நேரம் அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேடும் டிஸ்க்கும் மாற்றினார்கள், அடுத்த முறை மாஸ்டர் சிலிண்டர் (காலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்), கடைசியாக சாஃப்ட்வேர் அப்டேட். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே தொல்லை. 'இது பிரேக் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டு: செய்த வேலை ஏன் நிற்கவில்லை, இந்த வண்டியை நம்பி ஓட்டலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்ட வேண்டாம். பெடல் ஒரு முறை காரணம் தெரியாமல் கீழே போயிருந்தாலே போதும், காரணம் கையில் கிடைக்கும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்து பெடல் கெட்டியாக இருந்தால் நிலைமை வேறு. அப்போது சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி மட்டும்தான் இருக்காது. ஆனால் சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழல வாய்ப்பு உண்டு. பிரேக் ஆயில் குறைந்தாலும் சிவப்பு விளக்கு வரும். எனவே எந்த விளக்கு, எந்த நிறம், எதனுடன் சேர்ந்து வந்தது என்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் வண்டியில் எந்த வகை பிரேக் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும். பெரும்பாலான வண்டிகளில் பெடல், வேக்குவம் பூஸ்டர் (மிதிக்கும் விசையைப் பெருக்குவது), மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துவது) என்று ஒரு நேர்க்கோட்டில் ஆயில் வழி போகிறது. அந்த ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. உள்ளே விடும் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும், வெளியே விடும் வால்வு மூடியே இருக்கும். கம்ப்யூட்டர் முழுவதும் செத்துப்போனாலும் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த வகை வண்டியில் பெடல் மெத்தென்று இறங்குவதற்கு சாஃப்ட்வேர் காரணமாக முடியாது. ஆயில் வழியில் எங்கோ ஒரு பொருள் கெட்டிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஹைப்ரிட் வண்டிகளிலும் புதிய தலைமுறை எஸ்யூவிகள் பலவற்றிலும் நிலைமை இப்படி இல்லை. அங்கே பூஸ்டர் மின்மோட்டாரில் இயங்கும். பாஷ் நிறுவனத்தின் ஐபூஸ்டர் அதற்கு ஓர் உதாரணம். சில வடிவமைப்புகளில் பெடல் ஒரு செயற்கை எதிர்ப்பை மட்டுமே காலுக்குக் கொடுக்கும். சக்கரத்தில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கோளாறு வந்தால் மட்டும் நேரடி ஆயில் வழி திறக்கும், அப்போது பெடல் மிக ஆழமாகப் போகும், பலமடங்கு அழுத்த வேண்டியிருக்கும். இந்த வகையில் மின்னழுத்தக் குறைவோ சாஃப்ட்வேர் பிழையோ காலுக்கு நேரடியாகத் தெரியும். என்ஜின் அறையில் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய கருப்பு வட்ட டப்பாவும் அதிலிருந்து என்ஜின் பக்கம் போகும் தடித்த குழாயும் இருந்தால் வேக்குவம் வகை. அந்த இடத்தில் மின் கனெக்டருடன் ஓர் அலுமினியப் பெட்டி உட்கார்ந்திருந்தால் மின்வகை. இனி சொல்லப்போவது பெரும்பாலும் வேக்குவம் வகைக்கு. உங்களுடையது மின்வகை என்றால் வெளி மெக்கானிக்கிடம் கொடுக்காமல், அந்த நிறுவனத்தின் ஸ்கேனரும் (வண்டியின் கம்ப்யூட்டர்களைப் படிக்கும் கருவி) அழுத்தச் சோதனை முறையும் உள்ள இடத்துக்கே கொண்டு போங்கள்.

'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொன்னால் மெக்கானிக்குக் கையில் எதுவும் கிடைக்காது. பெடல் எப்படித் தோற்றது என்று சொல்ல வேண்டும். கல் மாதிரி கெட்டியாகி வண்டி நிற்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை. வேக்குவம் பம்ப், ஒருவழி வால்வு, ரப்பர் குழாய், பூஸ்டரின் சவ்வு என்று தேட வேண்டும். மெத்தென்று இருந்து இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே எழும்பினால் காற்று உள்ளே இருக்கிறது, அல்லது பேட் டிஸ்க்கை விட்டு அதிகம் தள்ளிப்போயிருக்கிறது. வீல் பேரிங் ஆடினாலோ டிஸ்க் நெளிந்து ஓடினாலோ டிஸ்க்கே பேடைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். வளைவான பாதைக்குப் பிறகு முதல் மிதி ஆழமாகப் போவது அதன் அடையாளம். மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கசிகிறது, அல்லது வேறெங்கோ ஆயில் ஒழுகுகிறது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மட்டும் மெத்தென்று ஆகி, ஆறினதும் சரியாகிவிட்டால் ஆயில் கொதித்திருக்கிறது.

இவற்றை நிறுத்திய வண்டியிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். பிறகு மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் பக்கம் கோளாறு. அடுத்து என்ஜின் ஓடும்போது நடுத்தர அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். முதல் சிறு இறக்கத்துக்குப் பிறகு பெடல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஓங்கி மிதிக்காமல் மெதுவாகவே செய்யுங்கள். உள்வாஷர் கசிவு பெரும்பாலும் லேசான அழுத்தத்தில்தான் வெளிப்படும், பலமாக மிதித்தால் வாஷர் விரிந்து சுவரில் ஒட்டி கசிவை மறைத்துவிடும். சிக்னலில் லேசாக மிதித்து நிற்கும்போது இறங்கும் பெடல், ஒர்க்‌ஷாப்பில் ஓங்கி மிதித்துப் பார்க்கும்போது 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றுவது இதனால்தான்.

உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் புதியது, ஆனாலும் பெடல் இறங்கியிருக்கிறது. இங்கே மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. முதலாவது, பிளீடிங் (ஆயில் வழியிலிருந்து காற்றை வெளியேற்றுவது) முழுமையாக நடக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் போகும். பல மாடல்களில் அந்தக் காற்று சக்கரத்தில் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேறும் சிறு திறப்பை) திறந்து மிதிப்பதால் மட்டும் வெளியே வராது. ஸ்கேனரை இணைத்து ஏபிஎஸ் பம்பையும் வால்வுகளையும் ஓடவிட்டு, மேலே ஆயில் டப்பாவில் ஒன்று முதல் இரண்டு பார் அழுத்தம் கொடுத்தபடி வெளியேற்ற வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். உள்ளே தங்கிய காற்றுக் குமிழி முதலில் ஒன்றும் செய்யாது. என்றாவது ஏபிஎஸ் வேலை செய்து வால்வு திறக்கும்போது பிரதான வழிக்கு வந்துவிடும், அன்று பெடல் மெத்தென்று இறங்கும். 'சில வாரம் நன்றாக இருந்து திடீரென்று' என்று நீங்கள் சொல்வதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

இரண்டாவது, ஏபிஎஸ் யூனிட்டின் வால்வு ஒன்றில் தூசியோ துருத் துகளோ சிக்கி முழுதாக மூடாமல் இருக்கலாம். பேட் மாற்றும்போது காலிப்பர் பிஸ்டனை நேராகப் பின்னுக்கு அழுத்தினால், கீழே தேங்கிக் கறுத்த ஆயில் முழுவதும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் திரும்பிப் போகும். நிப்பிளைத் திறந்து அந்த ஆயிலை வெளியே விட்டுக்கொண்டே பிஸ்டனைத் தள்ளுவதுதான் சரியான முறை. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. மூன்றாவது, பிளீடிங் செய்யும்போது பெடலை அடிவரை அமுக்குவது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் வழக்கமாகப் போய்வராத கடைசிப் பகுதியில் துருவும் படிவும் இருக்கும். அடிவரை மிதித்தால் வாஷர் அதில் உரசிக் கிழியும். கிழிந்த மறுநாளிலிருந்து பெடல் இறங்கத் தொடங்கும். மாற்றியதாகச் சொல்லும் சிலிண்டர் உண்மையில் புதியதா, பழையதில் வாஷர் மட்டும் மாற்றினார்களா என்பதையும் பில்லில் பாருங்கள்.

இதில் எது என்று ஊகிக்கத் தேவையில்லை, பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்களைக் கழற்றிவிட்டு, அதே மரை அளவுள்ள அடைப்பான்களால் துளைகளை மூடிக் காற்றை எடுத்துவிட்டு மிதித்தால் பெடல் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சிலிண்டர் கெட்டது. நின்றால் சிலிண்டர் நல்லது. பிறகு ஏபிஎஸ் யூனிட்டின் வெளித்துளைகளை அதே போல மூடிப் பாருங்கள். இப்போது இறங்கினால் யூனிட் கெட்டது. இங்கும் நின்றால் கோளாறு சக்கரங்களின் பக்கம். ஹோஸை இடுக்கியால் நெரித்துச் சோதிப்பது சுலபமாகத் தோன்றும், ஆனால் அது உள்ளடுக்கைக் கிழித்து அடுத்த கோளாறுக்கு விதை போடும். அடைப்பான் முறை அரை நாள் எடுக்கும். அந்த அரை நாளைச் செலவிடாமல் பாகங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போனதுதான் உங்கள் வண்டியில் நடந்த தவறு என்று நினைக்கிறேன்.

ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அது 155 டிகிரி வரை இறங்க இடமுண்டு. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. இரண்டு டன் எடையுள்ள வண்டி, ஆள்கள், சாமான், சில நேரம் டிரெய்லர், நீண்ட இறக்கம் எல்லாம் சேர்ந்தால் காலிப்பர் அருகே அந்தச் சூடு எட்டுவது கடினமில்லை. பழைய வண்டியில் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு முழுவதும் மாற்றிவிடுங்கள். சீல் உடைக்காத டின் மட்டும் வாங்குங்கள். ஒரு லிட்டர் பொதுவாகப் போதும். பெயர் ஒத்திருக்கிறது என்று சிலிக்கான் வகையான டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகை. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே உள்ள ரப்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். அது உப்பி, அலை அலையாகி, மீண்டும் பொருந்த மறுத்தால், யாரோ என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறி ஊற்றியிருக்கிறார்கள். அப்படி என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், காலிப்பர் வாஷர், ஏபிஎஸ் யூனிட் என்று ரப்பர் இருக்கும் எல்லாமே போயின. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் கோளாறு திரும்பித்தான் வரும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இது. மெதுவாக நிற்கப்போகும் கடைசி சில மீட்டரில் பெடல் படபடவென்று துடித்து, வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றினால், அது காரணமில்லாமல் ஏபிஎஸ் வேலை செய்வது. சக்கர வேக சென்சார் ஒன்று குறைந்த வேகத்தில் தவறான சிக்னல் தருகிறது. அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் அங்கே அழுத்தத்தை விடுவிக்கிறது. பலர் இதைத்தான் 'பெடல் போய்விட்டது' என்று சொல்கிறார்கள். உங்களுக்கு நேர்ந்தது எது என்று நீங்கள் எழுதியதை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துடிப்பு இருந்ததா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் தேட வேண்டிய இடம் முற்றிலும் மாறும். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் வரைபடமாக வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெல்ல நிற்க வேண்டும். மூன்று கோடுகள் சேர்ந்து இறங்க, ஒன்று மட்டும் பற்கள் போலக் குதித்தோ முன்கூட்டியே பூஜ்யத்துக்கு விழுந்தோ காட்டும். காரணம் சென்சார் மட்டுமல்ல. பல்வளையத்தில் துரு ஏறியிருக்கலாம், வளையம் விரிசல் விட்டிருக்கலாம், பேரிங் மாற்றும்போது காந்தப் பட்டை இருக்கும் பக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய சமமா என்றும் பாருங்கள். அளவு மாறிய ஒரு டயரே நிலைப்புக் கட்டுப்பாட்டு (வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் வசதி) விளக்கை எரியவைக்கும்.

இனி திரை அணைவதும் செய்திகள் வந்து மறைவதும். இதில் ஒரே ஒரு விவரம் நிறையச் சொல்லும்: திரை அணைந்த அதே நொடியில் ஏபிஎஸ் விளக்கும் வந்ததா? சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் பொதுவான மின்வழங்கலிலோ எர்த்திலோ (பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் இணைப்பு) கோளாறு. தனித்தனியாக வந்தால் திரை தனிக் கதை, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் தாழ்ந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றதைக் காணோம் என்று ஒரு கோளாறுக் குறியீட்டை (கோட்) எழுதி வைக்கும். அப்படிப் பத்துப் பதினைந்து கோட் ஒன்றாக வந்தால் பத்துப் பாகம் கெட்டிருப்பதாக அர்த்தம் இல்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும்; 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை; ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டிகளில் இது இன்னும் ஏறி இறங்கும், அது கோளாறல்ல. பேட்டரியை மாற்றியிருந்தால் சரியான வகையா, பல மாடல்களில் செய்ய வேண்டியபடி புதிய பேட்டரி என்று கம்ப்யூட்டரில் பதிந்தார்களா என்று கேளுங்கள். ஸ்டியரிங் கோண சென்சாருக்கும் சில வண்டிகளில் மறு அளவீடு தேவைப்படும்.

எர்த்தை ஓம் மீட்டரால் பார்ப்பது வீண். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். ஏபிஎஸ் பம்ப் ஓடும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும், அப்போதுதான் அந்த இழை தோற்கும். ஸ்கேனரால் பம்பை ஓடவிட்டு, அதே நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் எர்த்துக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கிப் பூட்டுங்கள். பாசிட்டிவ் பக்கமும் இதே போல. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் வயர்களில், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரை இணைக்கும் இடம்) 6, 14 ஆம் முனைகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் அருகே வர வேண்டும். 120 என்றால் அந்த வயர்களின் ஒரு கோடியில் இணைப்பு அறுந்திருக்கிறது. ஆனால் நடுவில் கேட்வே (வலைகளைப் பிரித்து இணைக்கும் கம்ப்யூட்டர்) வைத்திருக்கும் புதிய வண்டிகளில் சாக்கெட்டில் வரும் 60 ஓம், பிரேக் இருக்கும் வலைக்கு உறுதி தராது. அங்கே வயரிங் வரைபடத்தைப் பார்த்து நேராக அந்த வலையில் அளக்க வேண்டும்.

பழைய எஸ்யூவிகளில் இன்னும் இரண்டு இடங்களை நான் எப்போதும் சந்தேகிப்பேன். ஒன்று, பிறகு சேர்த்த வயரிங். டிரெய்லர் கொக்கிக்காகப் பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டியது, வெளிச்சந்தை அலாரம், திரை, பிரேக் விளக்குக்கு எல்ஈடி பல்பு. பிரேக் விளக்கு சுவிட்ச் சுற்றில் குழப்பம் வந்தால் பி0504, பி0571 போன்ற கோட் வரும், குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது, நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கும் சேர்ந்து எரியும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்போது பெடல் மேலுள்ள அந்தச் சிறு சுவிட்சின் நிலை மாறிப்போவதும் உண்டு. இன்னொன்று தண்ணீர். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்தாலோ முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலில் இலை சேர்ந்தாலோ தண்ணீர் கால்மிதி விரிப்புக்கு அடியில் ஓடும் வயரிங்கில் தேங்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா, சீட்டின் அடிப் போல்ட்கள் துருவேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். அப்படியானால் இந்தத் தொடர் கோளாறுக்கு முடிவு காண்பது மிகக் கடினம்.

சாஃப்ட்வேர் அப்டேட் எதைச் சரிசெய்யும்? கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவில் பிழை இருந்தால் மட்டும் சரிசெய்யும். இதற்கு உண்மையான உதாரணம் உண்டு: 2010இல் டொயோட்டா தன் பிரியஸ் ஹைப்ரிட் வண்டிகளைத் திரும்ப அழைத்தது ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றத்தான். மேடு பள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் ஒரு கணம் பிரேக் விட்டது போன்ற உணர்வு வந்ததே புகார். ஆனால் பொருள் கெட்டதால் வந்த அழைப்புகளும் உண்டு. 2022இல் மெர்சிடிஸ்-பென்ஸ், 2004க்கும் 2015க்கும் இடையே செய்த எம்எல், ஜிஎல், ஆர் வகை வண்டிகளில் ஏறத்தாழ பத்து லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பூஸ்டரைச் சுற்றியிருந்த ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தேங்கி இரும்பு அரித்ததே காரணம். 2023இல் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தன; ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஆயில் கசிந்து மின்கசிவால் தீப்பிடிக்கலாம் என்பதால் வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தச் சொன்னார்கள். 2024இல் பிஎம்டபிள்யூ 15 லட்சம் வண்டிகள் வரை ஒருங்கிணைந்த பிரேக் யூனிட்டுக்காக நடவடிக்கை எடுத்தது. இந்த அழைப்புக் கடிதங்கள் பெரும்பாலும் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போகும். அதனால் வண்டியின் 17 எழுத்து விஐஎன் (வண்டி அடையாள) எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலும், உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்பு அமைப்பின் தளம் இருந்தால் அதிலும் இன்றே போட்டுப் பாருங்கள். நிலுவையில் அழைப்பு இருந்தால் எத்தனையாவது உரிமையாளர் என்று பாராமல் நிறுவனம் இலவசமாகச் செய்து தருவதுதான் வழக்கம்.

அப்டேட்டுக்குப் பிறகு சில வாரம் நன்றாக ஓடியது பற்றி: அப்டேட் செய்யும்போது கோட் எல்லாம் அழிந்துவிடும், கம்ப்யூட்டர்கள் மறுபடி தொடங்கும், பேட்டரிக்கு நல்ல சார்ஜ் கிடைக்கும். கோளாறு தீர்ந்தது போலத் தோன்ற அதுவே போதும். அந்தக் குறியீடுகளோடு சேர்ந்து, கோளாறு வந்த நொடியின் வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றின் பதிவும் அழிந்தது பெரிய இழப்பு. இனி யாரும் எதையும் அழிப்பதற்கு முன் எல்லாக் கம்ப்யூட்டர்களின் முழு ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யூ0121 என்று இருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஏபிஎஸ் யூனிட்டின் தொடர்பு அறுந்தது என்று பொருள். யூனிட்டை மாற்றும் முன் அதன் மின்சாரம், எர்த், கேன் வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களில் சி0035 இடது முன்சக்கர வேக சென்சார் சுற்றைக் குறிக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஏபிஎஸ் யூனிட்டை மலிவாகப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வேறு எடை, வேறு டயர் அளவு, வேறு டிரைவ் வகைக்குக் கோடிங் செய்யப்பட்டதாக இருக்கலாம். விளக்கு எரியாமலேயே தவறாக வேலை செய்யும் பிரேக் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

ஒர்க்‌ஷாப்பில் வேலைச் சீட்டில் 'ஏபிஎஸ் மாற்றவும்' என்று எழுதவிடாதீர்கள். 'என்ன நடந்தது' என்று எழுதச் சொல்லுங்கள்: தேதி, ஓடோமீட்டர், வேகம், மழையா வெயிலா, என்ஜின் சூடா, பெடல் இறங்கியதா துடித்ததா கெட்டியானதா, எந்த விளக்குகள், திரை அணைந்ததா. கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் வேலைக்கு முன், பின் ஸ்கேன் அறிக்கைகளும், அடைப்பான் சோதனையின் முடிவும், அளந்த வோல்ட் எண்களும் எழுத்தில் வேண்டும். விற்றவரிடமோ நிறுவனத்திடமோ பிறகு உரிமை கோர நேர்ந்தால் இந்தத் தாள்கள்தான் பேசும்.

ஏற்றிச்செல்ல வழியில்லாத இடத்தில் ஓட்டும்போதே பெடல் போய்விட்டால்: வேகவேகமாகப் பல முறை மிதியுங்கள், பாதி அழுத்தமாவது திரும்பக் கிடைக்கலாம். கியரைக் குறைத்து என்ஜின் பிடிமானத்தைப் பயன்படுத்துங்கள். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஓடும் வண்டியையும் கட்டுப்பாட்டுடன் நிறுத்தும். கையால் இழுக்கும் லீவர் என்றால் பொத்தானை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வண்டி நிற்கும்வரை இக்னிஷனை அணைக்காதீர்கள், பூஸ்டரும் ஸ்டியரிங் உதவியும் சேர்ந்து போய்விடும்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இரண்டு தனிக் கோளாறுகள் இருப்பதாகத் தோன்றுகிறது: மாஸ்டர் சிலிண்டர் மாற்றியபின் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் தங்கிய காற்று ஒன்று, மின்வழங்கல் அல்லது எர்த் தளர்வு இன்னொன்று. ஸ்கேனரோடு முழு பிளீடிங், பேட்டரி சோதனை, எர்த் சோதனை மூன்றும் விலை குறைந்த வேலைகள். புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன் இவை முடிய வேண்டும். இவற்றுக்குப் பிறகும் பெடல் இறங்கினால் அடைப்பான் சோதனை. அதில் ஏபிஎஸ் யூனிட் என்று தெளிவாகத் தெரிந்தால் புதிய யூனிட், சரியான கோடிங்குடன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தால் மட்டும், இதற்கு மேல் செலவு செய்யாமல், எல்லா உண்மையையும் எழுதிக் கொடுத்து விற்றுவிடுங்கள். மாடல், தயாரிப்பு ஆண்டு, பூஸ்டர் வகை, அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை, பெடல் துடித்ததா இல்லையா ஆகிய விவரங்களைச் சேர்த்து எழுதினால் இன்னும் குறுக்கிச் சொல்ல முடியும்.